கெரின்சி, ரிஞ்சானி, தம்போரா: மழைக்காட்டு எரிமலைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

நான்கு பேர், பன்னிரண்டு நாள் விடுப்பு, வழிகாட்டியுடன் மழைக்காட்டின் ஊடே நடந்து ஏறக்கூடிய ஓர் எரிமலை. நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான் என்றாலும், இந்தோனேசியாவின் வரைபடத்தை விரித்து வைத்த அன்று தொடங்கிய பேச்சு இரண்டு மாதம் நீடித்தது. அந்நாட்டில் எரிமலைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஓரிரவாவது காட்டில் தங்கித்தான் ஏற முடியும், அடிவாரத்தில் உண்மையான மழைக்காடு இருக்க வேண்டும், உள்ளூர் வழிகாட்டிகளும் சுமைதூக்குவோரும் கிடைக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளை வைத்ததும் பட்டியல் சுருங்கி, சுமாத்திராவின் கெரின்சி, லொம்போக்கின் ரிஞ்சானி, சும்பாவாவின் தம்போரா ஆகிய மூன்றில் வந்து நின்றது. இவற்றில் ரிஞ்சானியை நான் முன்பே ஒருமுறை ஏறியிருக்கிறேன். மற்ற இரண்டையும் பற்றி, ஏறியவர்களிடம் கேட்டும் நெடுநேரம் படித்தும் தெரிந்துகொண்டவற்றை வைத்தே பேசுகிறேன்.

உயரத்தை வைத்து ஒப்பிடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. கெரின்சி 3,805 மீட்டர். இந்தோனேசிய எரிமலைகளிலேயே உயர்ந்தது. ரிஞ்சானி 3,726 மீட்டரோடு அதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. தம்போரா இன்றைக்குச் சுமார் 2,850 மீட்டர் மட்டுமே. எண்களை மட்டும் பார்ப்பவர் தம்போராவை அப்போதே ஒதுக்கிவிடுவார். எங்கள் குழுவிலும் ஒருவர் ஒதுக்கினார். ஆனால் நாங்கள் தேடியது சிகரத்தை அல்ல, காட்டை. அந்தக் கண்ணோடு மூன்றையும் மீண்டும் பார்த்தபோது வரிசையே மாறிப்போனது.

ரிஞ்சானியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பெரும்பாலானோர் போவது அங்கேதான். மலைக்கு வடக்கே சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் செனாரு, கிழக்கே சுமார் 1,150 மீட்டரில் இருக்கும் செம்பாலுன் என்று இரண்டு முக்கியப் புறப்பாட்டு ஊர்கள் உள்ளன. செனாரு பக்கம் ஏறக்குறைய 2,000 மீட்டர் வரை அடர்ந்த காடு. செம்பாலுன் பக்கமோ வெயில் தலையில் இறங்கும் புல்வெளி. வழக்கமான மூன்று பகல் இரண்டு இரவுத் திட்டத்தில் செம்பாலுனில் தொடங்கி, 2,639 மீட்டர் உயரத்தில் எரிமலைப் பெருங்குழியின் விளிம்பில் முதல் இரவு தங்கி, நள்ளிரவு கடந்து எழுந்து சிகரம் ஏறி, திரும்பி வந்து, ஏரிக்கு இறங்கி, மறுபக்க விளிம்பேறி, கடைசி நாளில் செனாரு வழியே கீழே வருவார்கள். காடு வருவது அந்தக் கடைசி நாளில், அதுவும் இறக்கத்தில், முழங்கால்கள் மன்றாடத் தொடங்கிய பிறகு. நான் சென்றபோது அந்தக் காட்டில் எனக்கு நினைவில் தங்கியது வேர்கள் மட்டுமே. அடுத்த அடியை எந்த வேரில் வைப்பது என்று தரையையே பார்த்துக்கொண்டு ஐந்து மணி நேரம் நடந்தவனுக்கு மேலே என்ன மரம் நின்றது, எந்தப் பறவை கூவியது என்பதெல்லாம் தெரியாது.

இதைக் குறையாகச் சொன்னாலும், ரிஞ்சானியின் உள்ளே இருக்கும் காட்சிக்கு ஈடு மற்ற இரண்டிலும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெருங்குழிக்குள் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் செகாரா அனாக் என்னும் ஏரி பிறை வடிவில் கிடக்கிறது. அதன் ஓரத்தில் பாருஜாரி என்னும் இளைய எரிமலை கருத்த கூம்பாக எழுந்து நிற்கிறது. செகாரா என்பது நம்முடைய சாகரம்தான். பெயருக்குக் ‘கடலின் குழந்தை’ என்று பொருள். பாலி இந்துக்கள் இந்த ஏரிக்கு நடந்தே வந்து, பொன்னாலான காணிக்கைகளை நீரில் இடுகிறார்கள். ஏரியருகே வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. இரண்டு நாள் நடந்த உடம்பை அதில் அமிழ்த்தும்போது வேறு எந்த மலையும் வேண்டாம் என்றே தோன்றும். இந்தப் பெருங்குழியை உண்டாக்கியது 1257-ஆம் ஆண்டில் சமாலாஸ் என்ற பழைய மலை வெடித்த வெடிப்பு. துருவப் பனியில் அந்த ஆண்டையொட்டிப் படிந்திருந்த கந்தகத்தின் ஊற்று எது என்று உலகம் நெடுங்காலம் தேடிக்கொண்டிருந்தது. விடை சமாலாஸ்தான் என்று 2013-இல் ஆய்வாளர்கள் நிறுவியபோது அவர்களுக்குக் கைகொடுத்த சான்றுகளுள் ஒன்று, பமத்தான் என்ற நகரம் அழிந்ததைச் சொல்லும் லொம்போக்கின் பனையோலைச் சுவடி. ஓலைச்சுவடியைப் பழம்பொருளாகவே பார்த்துப் பழகிய நமக்கு இது சற்று நிமிர்ந்து உட்காரவேண்டிய செய்தி.

ஆனாலும் ரிஞ்சானி தொலைதூர மலை அல்ல. விமான நிலையத்திலிருந்து அரை நாளுக்குள் அடிவாரத்தை அடைந்துவிடலாம். பாலியிலிருந்து படகிலும் வரலாம். பருவ காலத்தில் விளிம்பு முகாமில் கூடாரத்தோடு கூடாரம் ஒட்டி நிற்கும். அமைப்பாளர்கள் பலர் இருப்பதால் விலைப்போட்டி கடுமை. அந்தப் போட்டியின் விலையைக் கடைசியில் சுமைதூக்குவோரும் பயணிகளும்தான் கொடுக்கிறார்கள். நாங்கள் அப்போது ஏற்பாடு செய்த அமைப்பாளர் கொடுத்த உறக்கப்பை முந்தைய குழுவின் ஈரத்தோடு வந்தது. நான்கு பேருக்கு மூன்று பைகள்தான் இருந்தன என்பது விளிம்பில் இருட்டிய பிறகே தெரிந்தது. நானும் என் மைத்துனரும் இரண்டு சட்டைகளையும் மழையங்கியையும் போட்டுக்கொண்டு ஒரே பையைப் போர்வையாக விரித்துப் பகிர்ந்து படுத்தோம். தவறு சிறியதுதான். ஆனால் 2,600 மீட்டரில், காற்று வீசும் இரவில், சிறிய தவறு சிறியதாக இருப்பதில்லை.

ரிஞ்சானியின் சுமைதூக்குவோரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியவில்லை. ஒரு மூங்கில் கழி; அதன் இரு முனைகளிலும் கூடைகள்; கூடைகளில் அரிசி, முட்டை, கூடாரம், தண்ணீர்க் குப்பிகள், சில சமயம் ஒரு முழு தர்ப்பூசணி. நம்மூர்க் காவடியேதான். பலர் காலில் ரப்பர் செருப்போடு அந்தச் சரளைச் சரிவில் இறங்குகிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் கழி மெல்ல வளைந்து நிமிர்கிறது; அந்த ஆட்டத்துக்கு ஏற்ப அவர்கள் நடை அமைகிறதா, நடைக்கேற்ப ஆட்டமா என்று பின்னால் நடந்த எனக்கு விளங்கவில்லை. மூன்று மலைகளில் எதைத் தேர்ந்தாலும், ஒரு ஆளுக்கு எத்தனை கிலோ சுமை, இரவில் அவர் எங்கே தூங்குவார் என்ற இரண்டு கேள்விகளை முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுவிட வேண்டும் என்பது அந்தப் பயணத்தில் நான் கற்றது. பதில் தெளிவாக வராத இடத்தில் வாங்கும் உறக்கப்பையும் ஈரமாகத்தான் இருக்கும்.

கெரின்சிக்கு வருவோம். காடு என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இந்த ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடும். கெரின்சி செப்லாட் தேசியப் பூங்கா ஏறக்குறைய 13,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. சுமாத்திராவின் வெப்பமண்டல மழைக்காட்டு மரபுச் சின்னம் என்று 2004-இல் யுனெஸ்கோ ஏற்ற மூன்று பூங்காக்களில் இதுவும் ஒன்று. காடழிப்பும் ஆக்கிரமிப்பும் காரணமாக 2011-இல் அந்தச் சின்னம் ஆபத்துப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவே, ஆசிய விலங்குகளின் எல்லையைக் குறிக்கும் வாலேஸ் கோடு ஓடுகிறது. அதற்கு மேற்கே இருப்பதால் மூன்றில் கெரின்சியில் மட்டும்தான் புலி உண்டு. சுமாத்திரப் புலியை நடைப்பயணி நேரில் காண்பது அரிதினும் அரிது. ஆனால் சியாமாங் குரங்குகளின் கூச்சலைக் கேட்க அதிர்ஷ்டம் எதுவும் தேவையில்லை; தொண்டைப் பையை ஊதிக்கொண்டு அவை காலையில் எழுப்பும் ஒலி பள்ளத்தாக்கைத் தாண்டிக் கேட்கும். ரஃப்லேசியா என்னும் மிகப் பெரிய மலரும் இந்தப் பூங்காவில் பூக்கிறது. ஓராங் பெண்டெக் என்னும் குள்ள மனிதனை இந்தக் காட்டில் கண்டதாகச் சொல்பவர்களும் உண்டு. வழிகாட்டியிடம் கேட்டால் இரவுச் சமையல் முடியும்வரை கதை ஓடும் என்கிறார்கள்.

வழக்கமான பாதை கெர்சிக் துவோ என்ற ஊரில் தொடங்குகிறது. டச்சுக்காரர் காலத்தில் தொடங்கிய காயு ஆரோ தேயிலைத் தோட்டம் சுமார் 1,500 மீட்டரில் மலையின் காலடி வரை பச்சைக் கம்பளமாகப் பரந்திருக்கிறது. சாலைச் சந்திப்பில் நிற்கும் புலிச் சிலைதான் அடையாளம்; அங்கிருந்து தோட்டத்தைக் கடந்து ‘பிந்து ரிம்பா’ என்னும் காட்டு வாசலில் நுழைய வேண்டும். அதன்பின் மூன்று நிலைகள், மூன்று தங்குமிடங்கள். மேலே போகப்போக பாதை மழைநீர் அரித்த ஆளுயர வாய்க்காலாக மாறி, வேர்களைப் படியாகவும் பிடிமானமாகவும் கொண்டு கைகாலால் ஏற வேண்டியிருக்கிறது. பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால் ‘வறண்ட பருவம்’ என்பது இங்கே மழை கொஞ்சம் குறைவான பருவம் என்று மட்டுமே பொருள்படும். 1,500 மீட்டரிலிருந்து இரண்டே நாளில் 3,800 மீட்டர் போவதால் தலைவலி, குமட்டல் போன்ற உயர நோய்க் குறிகளும் எதிர்பார்க்கத்தக்கவை. தோட்டத் தேநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டவர் மறுநாள் விடியலில் குளிரில் நடுங்கிக்கொண்டு எரிமலை வாயருகே நிற்கிறார். உடம்புக்கு இது பெரிய மாற்றம்.

கெரின்சியின் உண்மையான சிக்கல் பாதை அல்ல. அது இன்னும் உயிரோடிருக்கும் மலை. நான்கு படிகள் கொண்ட இந்தோனேசிய எரிமலை எச்சரிக்கை முறையில் கெரின்சி பல ஆண்டுகளாக இரண்டாம் படியில் இருக்கிறது. எரிமலை வாயிலிருந்து மூன்று கிலோமீட்டர் வட்டத்துக்குள் செல்லவேண்டாம் என்பதே எரிமலைக் கண்காணிப்பு மையத்தின் அறிவுரை. சிகரம் ஏறுவதென்றால் அந்த வட்டத்துக்குள் நுழைந்தே ஆகவேண்டும். எல்லோரும் ஏறுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வார்கள். 2023 டிசம்பர் 3 அன்று, இதே சுமாத்திராவின் மராப்பி மலை வெடித்தபோது சிகரத்தருகே இருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மலையும் அன்று இரண்டாம் படியில்தான் இருந்தது. அதற்கும் இதே மூன்று கிலோமீட்டர் அறிவுரை இருந்தது. (ஜாவாவின் மெராப்பி வேறு மலை, பெயர் மயக்கத்தில் செய்தியைத் தவறாகப் படித்தவர்கள் ஏராளம்.) இத்தகைய வெடிப்புகள் முன்னறிவிப்பின்றி நிகழக்கூடியவை. அனுபவமுள்ள வழிகாட்டி வழுக்குப் பாறையிலிருந்து நம்மைக் காப்பாற்றுவார்; ஆனால் மலை வாய்திறக்கும் கணத்தில் அவரும் நம்மோடு ஓடுபவர்தான்.

எனவே கெரின்சிக்குப் போக விரும்புபவருக்கு என் பரிந்துரை சற்று விசித்திரமாகத் தோன்றலாம்: போங்கள், ஆனால் சிகரத்தை விட்டுவிடுங்கள். அருகிலேயே பெலோம்பெக் ஊரிலிருந்து சில மணி நேரக் காட்டு நடையில் குனுங் துஜு ஏரி இருக்கிறது. ஏழு சிகரங்கள் சூழ, சுமார் 1,950 மீட்டர் உயரத்தில் ஒரு பழைய எரிமலை வாயில் தேங்கிய நீர். அங்கே ஓரிரு இரவுகள் கூடாரமடித்து, மரத்தைக் குடைந்த ஓடத்தில் கரையைச் சுற்றி, கெரின்சியின் கீழ்க்காட்டில் ஒருநாள் பறவை பார்த்துத் திரும்பினால், சிகரம் ஏறியவர்களைவிட அதிகம் காட்டைப் பார்த்தவராக ஊர் திரும்பலாம். இதை எங்கள் குழுவில் சொன்னபோது, இவ்வளவு தூரம் வந்து மலையேறாமல் திரும்புவதா என்று இருவர் ஏற்கவில்லை. அவர்கள் சொல்வதிலும் பொருளுண்டு. பாடாங் நகரிலிருந்து ஏழெட்டு மணி நேரம் வளைந்து வளைந்து செல்லும் சாலைப் பயணத்தைத் தாங்கிய பின், மேகம் விலகி அந்த முழுக் கூம்பு கண்முன் நிற்கும்போது மனம் கேட்காதுதான். மனம் கேட்காத இடத்துக்குப் போகாமலிருப்பதும் ஒரு முடிவு என்று நான் வாதாடினேன்.

மிஞ்சியது தம்போரா. 1815 ஏப்ரல் 5 அன்று அதன் முதல் பெரிய வெடிப்புகளின் ஓசையை ஜாவாவில் கேட்டவர்கள் பீரங்கி முழக்கம் என்றெண்ணிப் படைகளை அனுப்பினார்கள். அப்போது ஜாவாவை ஆண்ட பிரிட்டிஷ் நிர்வாகத்துக்குத் தலைமை வகித்தவர் பின்னாளில் சிங்கப்பூரோடு பெயர் இணைந்த ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ். உச்சக்கட்டம் ஏப்ரல் 10 மாலையில் வந்தது. சுமார் 4,300 மீட்டர் உயரம் இருந்ததாகக் கணக்கிடப்படும் மலை, ஆயிரத்து நானூறு மீட்டர் போல இழந்து, நடுவில் ஆறு கிலோமீட்டர் அகலமும் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் கொண்ட பெருங்குழியாகக் குழிந்தது. மலையடியில் இருந்த தம்போரா, பெக்காட் என்ற இரு சிற்றரசுகள் மக்களோடும் மொழியோடும் அழிந்தன. இந்த வெடிப்பின் விளைவாகக் குளிர்ந்துபோன 1816-ஐ ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் ‘கோடையற்ற ஆண்டு’ என்று நினைவில் வைத்திருக்கின்றன. 2004-இல் நடந்த அகழாய்வில், சாம்பலுக்கு அடியில் கரியாகிப் போன ஒரு வீடு உள்ளிருந்தவர்களின் எச்சங்களோடு கிடைத்தது.

இந்த வரலாறு வெறும் முன்னுரை அல்ல. எதைப் பார்க்கப் போகிறோம் என்பதையே அது மாற்றுகிறது. கொதிக்கும் சாம்பல் பாய்ந்து சரிவுகளைத் துடைத்துவிட்டதால், இன்று பஞ்சசீலா ஊருக்கு மேலே நிற்கும் காடு முழுவதும் 1815-க்குப் பின் வளர்ந்தது. சுவிஸ் தாவரவியலாளர் ஹைன்ரிஷ் சோலிங்கர் 1847-இல் ஏறியபோது, பல இடங்களில் காலடியில் கந்தக ஓடு நொறுங்கியதையும், கீழே காடு மீண்டும் பிடித்து வளரத் தொடங்கியதையும் கண்டார். இருநூறு ஆண்டுகளில் வெறும் சாம்பலிலிருந்து மழைக்காடு எந்த அளவுக்கு மீள முடியும் என்பதற்கு இந்தச் சரிவே விடை: வானளாவிய துவாபங்கா மரங்கள், மரம்போல் நிமிர்ந்து வளரும் பெரணிகள், பிரம்பு, பாசி, அதற்கும் மேலே சவுக்கின் மலையினம். கெரின்சியின் காடு முதியது, செழுமையானது. தம்போராவின் காடோ எப்போது பிறந்தது என்று சொல்லக்கூடிய காடு. என்னை இழுத்தது இதுவே.

இந்த மலையைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களில் நமக்குச் சிரிப்பூட்டும் நெருக்கமும் உண்டு. இறங்கும் விமான நிலையம் பீமா நகருக்கு உரியது. பாரதத்துப் பீமன் வந்து தந்த வம்சம் தங்கள் அரச வம்சம் என்பது அவ்வூர் வழிவழிக் கதை. அங்கிருந்து பல மணி நேரம் சாலையில் சென்றால் வருவது பஞ்சசீலா. இந்தப் பெயர் நாட்டின் ஐந்து கொள்கைகளைக் குறிப்பது, சொல் வடமொழி. ஊரைச் சுற்றிக் காபித் தோட்டங்கள்; பைக்கில் தோட்டத்தைக் கடந்து காட்டின் விளிம்பு வரை சென்றுவிடலாம் என்பதால் முதல் நாளின் சலிப்பான பகுதி குறைகிறது. பாதையில் ஐந்து நிலைகள். பெரும்பாலோர் மூன்றாம் நிலையில், சுமார் 1,600 மீட்டரில், நீர் கிடைக்கும் இடத்தில் கூடாரமடிக்கிறார்கள்; அடுத்த நாள் நள்ளிரவுக்குப் பின் புறப்பட்டு விடியலில் விளிம்பை அடைகிறார்கள். அதே நாள் மூன்றாம் நிலைக்குத் திரும்பி இன்னோர் இரவு தங்கி, மறுநாள் இறங்கலாம். இரண்டு இரவும் காட்டுக்குள். ஏற்றமும் இறக்கமும் காட்டின் ஊடே. ரிஞ்சானியில் நான் இழந்தது இங்கே இரண்டு முறை கிடைக்கிறது.

இனிய பேச்சோடு துன்பங்களையும் சொல்ல வேண்டும். இந்தப் பாதைக்கு அட்டைகள் பெயர் பெற்றவை. மழைக்காலத்தில் முழங்காலுக்குக் கீழே கண் போய்க்கொண்டே இருக்கும். உப்பும் புகையிலைச் சாறும் உள்ளூர் மருந்து. நெருக்கமாக நெய்த நீளக் காலுறை காலணிக்கு உள்ளே இருப்பது அதைவிட நல்லது. அதற்கும் மேல் மூன்றாம் நிலையைத் தாண்டியதும் பாதையோரம் ஜெலாத்தாங் செடி வரிசைகட்டி நிற்கிறது. நம்மூர்ச் செந்தட்டியைப் போன்ற சொறியன். இலையின் அடியில் மெல்லிய முடிகள், தொட்ட இடம் தணலாகி மணிக்கணக்கில் நமநமக்கும். இருட்டில் கைவிளக்கு வெளிச்சத்தில் ஏறும்போது பிடிமானத்துக்கென்று கை தானாகவே பக்கத்துச் செடிக்குப் போகும். அந்தப் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிட வேண்டும், அல்லது தோல் கையுறை கொண்டுபோக வேண்டும். முகாமில் உணவை வெளியே விட்டால் காட்டுப்பன்றி வந்து கொண்டாடும். இவை தொல்லைகள், ஆபத்துகள் அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் பட்டது.

தெற்கே டோரோ ந்சாங்கா பக்கம் இன்னொரு பாதை உண்டு. புல்வெளியில் கன்றுகாலியும் குதிரையும் மேயும் இடத்தின் வழியே நான்கு சக்கரங்களும் இயங்கும் ஜீப் வகை வண்டி நெடுந்தூரம் மேலே கொண்டுபோய் விடுகிறது. நாள் குறைவாக இருப்பவருக்கும் பெருங்குழியை மட்டும் பார்த்தால் போதும் என்பவருக்கும் அது நல்ல வழி. காட்டுக்காகப் போகிறவர் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

விளிம்பில் கிடைப்பது என்ன? ஏரியும் வெந்நீரும் இல்லை. காலடியில் நிலம் திடீரென முடிந்து, ஆயிரம் மீட்டர் கீழே சிறு குட்டையும், டோரோ ஆப்பி தோய் எனப்படும் குட்டி எரிமலையும், எதிர்ச் சுவரின் அடுக்கடுக்கான கோடுகளும் தெரிகின்றன, அவ்வளவுதான். இங்கே ஏறக்குறைய ஒரு மலை முழுவதும் இல்லாமல் போயிருக்கிறது என்பதை அந்த வெறுமையின் அளவைப் பார்த்தால்தான் நம்ப முடியும் என்று, அங்கு சென்று வந்த நண்பர் ஒருவர் சொன்னார். உயரம் குறைவு என்பதால் உயர நோய் வாய்ப்பும் மற்ற இரண்டைவிடக் குறைவு. எங்களில் ஒருவர் ஐம்பத்து நான்கு வயதினர், ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ரிஞ்சானியின் சரளைச் சரிவைவிடவும் கெரின்சியின் வேர்ப்படிகளைவிடவும் இந்தச் சரிவு அவருக்கு ஏற்றது.

குறைகள் வேறு பக்கத்தில் இருக்கின்றன. சும்பாவாவுக்குப் போவதே ஒரு பயணம். சென்னையிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர், அங்கிருந்து பாலி அல்லது லொம்போக், பிறகு பீமாவுக்குச் சிறு விமானம் அல்லது லொம்போக்கின் கயாங்கானிலிருந்து போத்தோ தானோவுக்குப் படகும் நீண்ட பேருந்துப் பயணமும். கோலாலம்பூரிலிருந்து பாடாங் போகும் விமானத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றரை நாள் கூடுதல். அடிவாரத்துக்குப் பக்கத்தில் பெரிய மருத்துவமனை இல்லை. ரிஞ்சானியிலாவது மீட்புக்குப் பழகிய ஆட்கள் கூட்டமாக இருக்கிறார்கள். மலையிலிருந்து வெளியேற்றும் செலவையும் ஏற்கும் காப்பீடு இல்லாமல் தம்போராவுக்குப் போகக்கூடாது. கொசுவழி நோய்த் தடுப்பு பற்றி மருத்துவரிடம் முன்பே கேட்டுவிட வேண்டும். வழிகாட்டிகளில் ஆங்கிலம் பேசுவோர் குறைவு என்பதால் நூறு இந்தோனேசியச் சொற்களையாவது கற்றுக்கொள்வது பயன் தரும்; மலேசியத் தமிழருக்கு இந்தக் கவலையே இல்லை.

சொற்களில் முதலில் கற்க வேண்டியது, சைவ உணவுக்காரராக இருந்தால், ‘தன்பா தெராசி’, அதாவது ‘தெராசி இல்லாமல்’ என்பது. தெராசி என்றால் இறால் விழுது, மலேசியாவில் பெலாச்சான் என்பார்களே, அதுதான். சம்பலில் அது இருப்பது அங்கே உப்பு இருப்பதைப் போல. காய்கறிச் சோறுதான் கேட்டோம் என்று நிம்மதியாக உட்கார்ந்தவர் முன்னால் அது வந்து நிற்கும், கேட்டவரும் கொடுத்தவரும் ஒருவரையொருவர் வியப்போடு பார்ப்பார்கள். சோயாவில் செய்யும் தெம்பேயும் தாஹுவும் எங்கும் கிடைப்பதால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. புளியோதரைப் பொடியும் ஊறுகாயும் ஒரு கைப்பிடி அளவு கொண்டுபோனால் மூன்றாம் நிலையில் இரவுச் சோறு பிழைத்துக்கொள்ளும்.

வழிகாட்டி பற்றிய கேள்விக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும், ஏனெனில் மலையைத் தேர்வதைவிட அதுவே பெரிய முடிவு. 2025 ஜூன் மாதம் ரிஞ்சானியில் சிகரப் பாதையில் ஒரு பிரேசில் நாட்டுப் பெண் சரிவில் விழுந்து இறந்தார். உடலை மேலே கொண்டுவர நான்கு நாட்கள் ஆயின. களைத்து நின்றவர் குழுவிலிருந்து பின்தங்கியிருந்தார் என்பது அந்நாட்களின் செய்திகளில் பெரிதும் பேசப்பட்டது. அதன்பின் அங்கே விதிகள் இறுக்கப்பட்டன. ஆனால் எந்த மலையிலும் கேட்டாக வேண்டிய கேள்வி இதுவே: குழுவில் கடைசியாக நடப்பவருக்குப் பின்னால் யார் நடப்பார்? ஒரே வழிகாட்டி முன்னால் போனால், ஒருவர் களைத்துவிட்டால் குழு இரண்டாகப் பிரியும். இருட்டில் பிரிந்த குழுவுக்கு நல்லது எதுவும் நடப்பதில்லை. நான்கு பேருக்கு இரண்டு வழிகாட்டிகள் என்பது ஆடம்பரம் அல்ல. சிகரம் நோக்கிய இரவில் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதையும் முகாமிலேயே பேசி முடித்திருக்க வேண்டும். மேலே நின்றுகொண்டு யோசிக்கும் மூளை எப்போதும் மேலே போகவே வாக்களிக்கும்.

காலம் குறித்து அதிகம் பேச வேண்டியதில்லை. லொம்போக்கிலும் சும்பாவாவிலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட பருவம். ரிஞ்சானி வழக்கமாக ஜனவரி முதல் மார்ச் வரை மூடப்படும். தம்போராவில் ஜூலையில் அட்டைகளும் குறைவு, வானமும் தெளிவு, ஆனால் இரவுக் குளிரும் காற்றும் கூடுதல். இந்தியக் கடவுச்சீட்டுள்ளவர்கள் வருகையின்போது முப்பது நாள் விசா பெறலாம் என்பது மூன்றுக்கும் பொது.

எங்கள் முடிவு இதோ. ஜூலை இரண்டாம் வாரம், தம்போரா, பஞ்சசீலா பாதை, நான்கு பேருக்கு இரண்டு வழிகாட்டிகளும் நான்கு சுமைதூக்குவோரும், காட்டில் இரண்டு இரவுக்குப் பதிலாக மூன்று. கூடுதல் இரவு சிகரத்துக்காக அல்ல. மூன்றாம் நிலையில் ஒரு பகல் முழுவதும் எதையும் ஏறாமல் உட்கார்ந்திருப்பதற்காக. மஞ்சள் கொண்டைக் காக்கட்டூ அந்த மலையில் இன்னும் உண்டு. நடந்துகொண்டே இருப்பவருக்கு அது தென்படுவதில்லை. முழங்கால் அறுவை செய்தவர் இப்போதே சொல்லிவிட்டார்: அன்று விடியற்காலை ஒரு மணிக்கு எழுப்பவேண்டாம், ஒரு வழிகாட்டியும் காபியும் இருந்தால் போதும், மற்றவர்கள் விளிம்பைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று. இரண்டாவது வழிகாட்டியை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி இதனால் மீண்டும் திறந்துவிட்டது. முகாமில் ஒருவர், எங்களுக்கு முன்னால் ஒருவர், கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் என்று கணக்குப் போட்டதில் மூன்றாமவருக்கும் கடிதம் எழுதியிருக்கிறோம்.